பம்பளிமாஸ் அனுப்பிய மைத்துனருக்கு

கரமனை,
திருவனந்தபுரம்.
19 நவம்பர் 2006

மதிப்பிற்குரிய மைத்துனர் நீலகண்டன் அவர்களுக்கு, அத்தான் பிச்சையா எழுதிக்கொண்டது. இங்கே நானும், உம்முடைய அக்காள் முத்தாரம்மாளும், ஜூன் மாதம் அவள் வயிற்றிலிருந்து என் வயிற்றுக்குக் குடிமாறி வந்த ஈரலும் ஒருவிதமாக இருக்கிறோம். வித்துராவில் நீரும், வீட்டிலுள்ளவர்களும், ரப்பரும், பாக்கும், கறவையும் சுகம்தானே. இந்த நாலு வரி மரியாதைக்காக எழுதியது. இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து வாசியும்.

நீர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பம்பளிமாஸ் சாக்கு நேற்று மதியம் வந்து சேர்ந்தது. நான் அதை அவிழ்க்கவில்லை. அப்படியே பக்கத்து வீட்டு ராஜையன் சாருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், பிறந்தபோது கிடைத்த ஈரலையே இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறவர், எதையும் தின்னலாம். அத்தான் பிழைத்து எழுந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் அனுப்பினதை அடுத்த வீட்டுக்குத் தள்ளுகிறாரே என்று உமக்கு வருத்தமாக இருக்கும். ஏன் தள்ளினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீர் அழ ஆரம்பித்துவிடுகிறீர், பிறகு நான் உமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என் ஈரல் கெட்டுப்போனபோது ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கேட்ட கேள்வி உமக்கு நினைவிருக்கும். அறுபது வயதுவரை நான் இருமல் மருந்தைக்கூட வாசனை பார்த்துக் குடித்தவன். இருந்தும் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் தண்ணிப் பழக்கம் உண்டாயிருந்ததோ என்றுதான் விசாரித்தார்கள். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னால், சரி சரி என்று தலையாட்டிவிட்டு வாசலில் போய்ச் சிரித்தார்கள். அப்படி விசாரித்தவர்களில் மூன்று பேர் வாயிலிருந்து அப்போதே வந்த வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில், நெருங்கின சொந்தக்காரர் ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்தால் நான் பிழைப்பேன், இரண்டு பேருக்கும் அது வளர்ந்துவிடும் என்றார்கள். இதைச் சொன்ன நாளிலிருந்து நம் குடும்பத்தில் ஒரு பெரிய தொற்றுநோய் பரவியது. என் தம்பிக்கு ரத்த அழுத்தம் வந்தது. என் அண்ணன் மகனுக்குத் திடீரென்று பெண் பார்க்க ஆரம்பித்தார்கள், வயிற்றில் தையல் இருந்தால் பெண் அமையாதாம். உமக்கு ரத்தம் பொருந்துகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த அன்று மாலையே உமக்கு நடுமுதுகு பிடித்துக்கொண்டது. நான் குற்றம் சொல்லவில்லை. ஈரல் என்பது இரவல் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. நம் எல்லோருடைய முதுகும் அழுத்தமும் சரியாவதற்குக் காத்திராமல், முத்தாரம்மாள் நர்ஸிடம் போய், எனக்கு எங்கே கையெழுத்து என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் பேசினது. அறுபது சதவீதம் எடுத்தார்கள்.

இதற்குப் பிறகுதான் உம்முடைய முதுகு நேரானது, பம்பளிமாஸும் வர ஆரம்பித்தது. தராமல் விட்ட ஈரலுக்குப் பதிலாகத்தான் ஈரல் அளவில் பழமாகப் பொறுக்கி அனுப்புகிறீர் என்று ராஜையன் சார் சொன்னார். நான் அவரைக் கண்டித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது சாப்பாட்டுக்கென்று இரண்டு பக்கம் தாள் கொடுத்தார்கள். ஷீனா என்று ஒரு பெண், பாறசாலைக்காரி, அங்கே நோயாளிகளின் உணவுக்குப் பொறுப்பு. அறுவை முடிந்த உடம்பில் புது சதை பிடிக்க வேண்டும், கஞ்சித் தண்ணீர் போதாது, பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்றாள். புது ஈரலை உடம்பு விரட்டாமலிருக்க நான் தினம் சாப்பிடும் மாத்திரை, கிருமிகளை எதிர்க்கிற சக்தியையும் அடக்கிவைக்கும், அதனால் பச்சையாக ஒன்றும் கூடாது, வெளியே செய்தது கூடாது, கோயில் பிரசாதம்கூட வேண்டாம், நாட்டு மருந்து தொடவே கூடாது என்றாள். தாளை வரிவரியாக விளக்கவும் வந்தாள். முப்பத்திரண்டு வருஷம் தலைமைச் செயலகத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிய எனக்கு ஒரு சின்னப் பெண் ஆங்கிலம் விளக்குவதா என்று தோன்றியது. வாசித்துக்கொள்கிறேன் என்று வாங்கி மடித்துவைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நானே அதைத் தமிழில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினேன்.

ஒட்டின அன்றே கோட்டாற்றிலிருந்து என் மூத்த அக்காள் பகவதி உதவிக்கென்று வந்து இறங்கினாள். அந்தத் தாளை அவள் வாசித்த அழகைச் சொல்கிறேன். முட்டை என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், மீன் என்ற இடத்தில் சிவ சிவா என்றாள், ஆறு வேளை என்ற இடத்தில் அறுத்த உடம்பாச்சே என்று அழுதாள். அடுத்த நாளிலிருந்து எனக்குச் சுட்ட அப்பளமும் உப்பில்லாக் கஞ்சியும். நீர் இதை அனுபவித்ததில்லை, நான் சொல்கிறேன், அந்த மாத்திரைகளில் ஒன்று மனிதனுக்கு யானைப்பசியைக் கொடுக்கும். முறத்தைக் கண்டால் முறத்தைத் தின்னத் தோன்றும். அந்தப் பசிக்கு இரண்டு கரண்டி கஞ்சி. பகவதி அக்காள் உறங்கின பிறகு, பகலில்தான், முத்தாரம்மாள் பின்கட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து முட்டை அவிப்பாள். நம் வீட்டில் அதுவரை முட்டை ஏறினதில்லை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோலுரித்து, மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையில் மிளகு தூவி, செய்தித்தாளில் மறைத்துக் கொண்டுவந்து தருவாள். இப்படி அறுபது வயதில் நான் முட்டையைக் களவாகத் தின்றேன்.

பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் பழவங்காடி பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயைக் கொண்டுவந்து, சாமி பிரசாதத்தில் கிருமி இருக்குமா என்று என்னையே கேட்டார். இன்னொருவர் கீழாநெல்லியை அரைத்து உருண்டையாக்கிக் கொண்டுவந்தார். எனக்கு மஞ்சள் காமாலை இல்லை, இருந்த ஈரலையே மாற்றியாகிவிட்டது என்றேன். புதுசுக்கும் நல்லது என்றார். ராஜையன் சார் விழிஞ்ஞத்திலிருந்து மீன் வாங்கி, அவர் வீட்டில் சமைத்து, தூக்குவாளியில் கொண்டுவந்தார். பகவதி அக்காள் அவரை வாசல்படி தாண்ட விடவில்லை. அவர் மதிலுக்கு மேலாக நீட்டினார். நான் இந்தப் பக்கம் நின்று தின்றேன். வந்த அத்தனை பேருக்கும் முத்தாரம்மாள் காப்பி போட்டாள்.

நான் என் வரையில் ஒழுங்காகவே இருந்தேன். தாளில் ஒரு பழத்தை அறவே கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தார்கள், அந்தப் பழத்தின் நிழலைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. திராட்சை. யாராவது திராட்சை வாங்கிவந்தால் வாசலிலேயே நிறுத்தி, அதிலுள்ள ஆபத்தை விளக்கிச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். உலர்ந்த திராட்சை இருக்கும் என்று பாயசத்தையும் விலக்கினேன். உம்முடைய பம்பளிமாஸைப் பொறுத்தவரை கவலையே இல்லை. மரத்தில் பழுத்தது, தடித்த தோல், நம் கையால் உரிப்பது, கிருமி எங்கே வரும்? காலை பத்து மணிக்கு ஆறு சுளை, மாலை நாலு மணிக்கு ஆறு சுளை. நான் என்ன தின்றாலும் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிவைப்பேன்.

செப்டம்பர் மாதம் முடியும்போது கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரை எடுத்தால் பாதி காப்பி சட்டையில். ரத்தத்தைச் சோதித்து எர்ணாகுளத்துக்குச் சொன்னார்கள். ஈரலை உடம்பு விரட்டாமலிருக்கச் சாப்பிடுகிற அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் சோர்கிறது என்றார் டாக்டர். மாத்திரையை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் நோட்டைப் பார்த்து, இல்லை என்றேன். அவர் மாத்திரையைக் குறைத்தார். மறுபடி சோதனை, மறுபடி அதிகம். மறுபடி குறைத்தார். மூன்றில் ஒன்றாகக் குறைத்த பிறகுதான் அளவு சரியாக நின்றது. இவ்வளவு கொஞ்சம் மருந்தில் நிற்கிற உடம்பை நான் பார்த்ததில்லை என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பகவதி அக்காள் தன் கஞ்சி என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் நீர் என் உடம்பு தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அக்டோபர் மாதம் பழனிக்கு நடந்து போனீர். முதுகு வலியோடு அவ்வளவு தூரம் நடந்ததைப் பற்றி நம் சொந்தத்தில் எல்லோரும் உருகிப் பேசினார்கள். நீர் ஊரில் இல்லாததால் இரண்டு வாரம் சாக்கு வரவில்லை. பழம் நின்றது. மாத்திரையோ மூன்றில் ஒன்று. முருகன் சன்னிதியில் நீர் எனக்காகக் கற்பூரம் ஏற்றிய அன்று எனக்குக் காய்ச்சல். கண் மஞ்சளித்தது. ஆம்புலன்ஸில் போட்டு எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பு ஈரலை விரட்ட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். அனுப்பினதால் ஒரு கேடு, அனுப்பாததால் அடுத்த கேடு. மைத்துனரே, நீர் எதிரியாக இருந்திருந்தால் இதற்குப் பாதிகூடச் செய்திருக்க முடியாது.

டாக்டர் வந்து சொல்லும்போது முத்தாரம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனால் என்னுடையது மட்டும் போகாது, அவள் கொடுத்ததும் போகும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. மூன்று நாள் பெரிய ஊசிகள் போட்டார்கள். நாலாம் நாள் ரத்தம் கொஞ்சம் தெளிந்தது என்றார்கள். ஐந்தாம் நாள் ஷீனா வந்தாள்.

இரண்டு மாதமாக என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். நான் பெருமையோடு தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினாள். பிறகு உட்கார்ந்து புரட்டினாள்.

"சாரே, இந்தப் பம்பளிமாஸ் தினமும் பன்னிரண்டு சுளையா?" என்றாள்.

வித்துராவிலிருந்து மைத்துனர் அனுப்புவது, அவ்வளவு பிரியம் என்றேன்.

"தாளிலே கூடாதுன்னு போட்டிருக்கே."

திராட்சை என்றல்லவா போட்டிருக்கிறது, அதைத்தான் வீட்டுப் பக்கமே விடவில்லையே என்றேன். அவள் என் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, அடிக்கோடிட்ட வரியில் விரலை வைத்தாள். கிரேப்ஃப்ரூட் என்று இருந்தது.

"சாரே, கிரேப்ஸ்தான் திராட்சை. கிரேப்ஃப்ரூட்டுன்னா வெளிநாட்டுப் பம்பளிமாஸ். நம்ம ஊருப் பம்பளிமாஸும் அதே வேலைதான் செய்யும். அது உள்ளே போனா மருந்து உடம்பிலேருந்து கழியாது, ஏறிக்கிட்டே இருக்கும். அதான் கை நடுங்கினது. பழத்தை நிறுத்தினதும் மருந்தோட அளவு விழுந்துபோச்சு."

ஆக, இதில் என் பக்கம் ஒரு சிறிய மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக ஷீனா கருதுகிறாள். திராட்சைக்கும் அந்தப் பழத்துக்கும் வெள்ளைக்காரன் ஏன் ஒரே பெயரை வைத்தான் என்று நான் கேட்டதற்கு அவள் தாளை மடித்து என் பையிலேயே வைத்தாள். பழத்தை அனுப்பினது நீர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஷீனா எழுந்து போகப் பார்த்தவள், ஃபிளாஸ்க்கோடு மூலையில் நின்ற முத்தாரம்மாளைப் பார்த்து நின்றாள். ஈரல் கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள். பக்கத்திலிருந்த எடை பார்க்கிற மேடையில் ஏறச் சொன்னாள். மே மாதம் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தாறு. கீழிமையை இழுத்துப் பார்த்தாள், உள்ளே வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தது.

"அம்மா, நீங்க என்ன சாப்பிடுதீங்க?"

"எனக்கென்ன, நின்ன நெலையிலே எதையாவது தின்னுக்கிடுவேன்."

ஷீனா என் பக்கம் திரும்பினாள். "சார் சொல்லுங்க. அம்மை இன்னைக்குக் காலையிலே என்ன சாப்பிட்டாங்க?"

நோட்டு என் மடியில் இருந்தது. எண்பது நாள், நிமிஷக் கணக்கோடு. நான் எந்தத் தேதியில் எந்த மணிக்கு எத்தனை இட்லி என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அவள் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. துணைக்குக் கூட வந்திருந்த பகவதி அக்காளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். நேற்று என்ன சாப்பிட்டாள் என்று ஷீனா கேட்டாள், அதுவும் தெரியவில்லை. வயிற்றை அறுத்து எடுத்தது இரண்டு பேருக்கும்தான், ஆனால் விசாரிக்க வந்த இருநூறு பேரில் ஒருவர்கூட அவளை உட்காரச் சொல்லவில்லை. எனக்கு ஆறு வேளை, பகவதி அக்காளுக்கு மூன்று வேளைப் பத்தியம், வந்தவர்களுக்குக் காப்பி, தினம் இரண்டு குடம் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைப்பது, முட்டைக்குத் தனி அடுப்பு. மூன்று மாதத்துக்குக் கனமாக ஒன்றும் தூக்கக்கூடாது என்று அவளுக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. உம்முடைய சாக்கை கேட்டிலிருந்து அடுக்களை வரை இழுத்துக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்?

ஷீனா கோபப்படவில்லை. இவங்களுக்கும் ஈரல் வளரணுமே சாரே, காற்றிலிருந்தா வளரும் என்று மட்டும் கேட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன்.

இப்போது எல்லாவற்றையும் நான் கையில் எடுத்துக்கொண்டுவிட்டேன். பகவதி அக்காளை ரயிலேற்றியாகிவிட்டது. முத்தாரம்மாளுக்கென்று தனியாக ஓர் அட்டவணை தயாரித்து, என்னுடையதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் பால், எட்டுக்கு இட்லியும் பருப்புச் சாம்பாரும், பத்தரைக்கு வேகவைத்த நிலக்கடலை, இப்படியே இரும்புச் சத்து மாத்திரை வரை. நானே அடுப்பில் நிற்கிறேன். பயறு வேகவைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கடிகாரத்தோடு எதிரில் உட்காருகிறேன். அவள் உடம்பு தேறுவது கண்ணால் பார்க்கத் தெரிகிறது. என்னைப்போல ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அவளுக்கு வேறு யாருடைய உதவியும் தேவையில்லை.

ஆகவே நீர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, அதை மட்டும் தவறாமல் செய்யும். பழம், கிழங்கு, தேன், மருந்து, வேர், இலை எதையும் அனுப்ப வேண்டாம். பார்க்கவும் வர வேண்டாம். எங்களுக்காக இன்னொரு மலைக்கு நடந்து போகவும் வேண்டாம், சாமிக்கும் ஓய்வு வேண்டும். உம் வீட்டுக்காரி, தங்கை மீனாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உமக்கும் நீண்ட ஆயுளும் நேரான முதுகும் வாய்க்க எல்லாம் வல்லவன் அருளட்டும்.

அன்புள்ள அத்தான்,
பிச்சையா

பி.கு. தம்பி நீலகண்டனுக்கு அக்கா எழுதுவது. கவரை ஒட்டுவதற்கு முன்னால் வாசித்துப் பார் என்று கொடுத்துவிட்டு அத்தான் குளிக்கப் போயிருக்கிறார். வாசித்தேன். நடந்தது எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், நடப்பதைத்தான் தப்பாக எழுதியிருக்கிறார். அவர் வேகவைக்கிற பயறு பல்லில் உடையாது. அட்டவணையில் பதினான்கு இனம், ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தினால் காரணம் எழுதச் சொல்கிறார். போன வாரம் அரை கிலோ குறைந்திருக்கிறேன். வர வேண்டாம் என்று அவர் எழுதியதைப் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு வா. இரண்டு மாதம் உன் வீட்டில் வந்து படுத்துக்கிடக்கப்போகிறேன். மீனா கையால் சோறு போடட்டும், நான் ஒரு தட்டைக்கூடக் கழுவ மாட்டேன், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடு. ஷீனாவிடம் போனில் கேட்டேன், அதுதான் நல்லது என்றாள். அத்தான் தனியாக எப்படி இருப்பார் என்று நீ ஆரம்பிக்காதே. மாத்திரை நேரம் அவருக்குத் தெரியும், ராஜையன் சார் வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி அவரைப் பார்த்துக்கொள்ள என் ஈரல் அங்கே இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் அவரை வெளியிலிருந்து பொறுத்துக்கொண்டது, இரண்டு மாதம் உள்ளேயிருந்து பொறுத்துக்கொள்ளாதா?